கடலோரக் கட்டைகள்

வெர்னா ஹைன்ஸுக்குக் காரணம் தெரியாத எந்தக் காரியமும் தொண்டைக்குள் இறங்காது. நண்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலம் முழுக்கச் சரிபார்க்கும் மேசையில்தான் நின்றாள். பெட்டியில் ஒரு நண்டுக்கால் குறைந்தால், அது எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் அடுத்த பெட்டியை நகரவிட மாட்டாள். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் பல்லைக் கடிப்பார்கள். சர்ச்சில் பாதிரியார் பக்கத்து ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டால் போதும், பூசை முடிந்து கைகுலுக்கும்போது திருத்திவிட்டுத்தான் வாசற்படி இறங்குவாள். அவள் புருஷன் ஹெட்லி இதற்கெல்லாம் பழகிப் போனவர். தான் ஒரு கதை சொல்ல ஆரம்பித்தால், நடுவில் கிழமையையும் காற்றுத் திசையையும் அவள் திருத்துவதற்கு இடம் விட்டே சொல்வார்.

அப்பேர்ப்பட்டவள் அந்த அக்டோபரில் தன் வீட்டு முன்னறையில் முழங்காலிட்டு, கணப்பின் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு, ஒன்றும் புரியாமல் விழித்தாள். பக்கத்தில் டார்ச் பிடித்திருந்தவன் டெரன்ஸ், கேண்டர் நகரில் இருக்கும் அடுப்புக் கடையின் ஆள். கணப்பு நல்ல நிலையில் இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் வந்து பார்த்துச் சொன்னால்தான் வீட்டுக்கு இன்சூரன்ஸ் என்று அந்த வருடம் புதிதாக நிபந்தனை போட்டிருந்தார்கள். டெரன்ஸ் அப்படிச் சொல்கிற மாதிரித் தெரியவில்லை. செங்கல் கணப்புக்குள் செருகியிருந்த இரும்புப் பெட்டியின் பின்தகடு மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தது. அடித்தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தான். ரொட்டியில் இறங்குவதுபோல இறங்கியது.

"இதுல இனிமே ஒரு குச்சிகூட வைக்காதீங்க. வீடே பத்திக்கும்," என்றான்.

எப்படி இப்படி ஆனது என்று வெர்னா கேட்டாள். பக்கத்து வீட்டுக் கார்லண்டும் அவர்களும் ஒரே நாளில், ஒரே லாரியில் வந்த ஒரே மாதிரிப் பெட்டியைத்தான் வாங்கினார்கள். கார்லண்டுடையது இன்னும் கல்லுக்குண்டு போல இருக்கிறது. கார்லண்டு தன் பெட்டியை ஒருநாளும் துடைத்தவன் இல்லை. ஹெட்லியோ சாம்பலைக் கூட பிரஷ்ஷால் கூட்டி எடுக்கிறவர். டெரன்ஸ் தோளைக் குலுக்கி, பெட்டிக்குப் பெட்டி மாறும் என்று சொல்லி வைத்தான். அந்தப் பதில் வெர்னாவின் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

போகும்போது அவன் நாலு வழி சொல்லிவிட்டுப் போனான். மறுபடியும் விறகுப் பெட்டியே போடலாம். மரத்தூளை அழுத்திச் செய்த வில்லைகளை எரிக்கும் பெட்டி போடலாம். கேஸ் போடலாம். கரண்ட்டில் ஓடுவது போடலாம். எதுவானாலும் பனி விழுவதற்குள் சொல்லிவிடுங்கள் என்றான்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, விறகுதான் என்று வெர்னா நினைத்தாள். அவளுக்காக இல்லை, ஹெட்லிக்காக. நியூஃபவுண்ட்லாந்தின் இந்த வடக்குக் கரையில் ஒரு ஆளின் கெட்டிக்காரத்தனத்தை அவன் வாசலில் அடுக்கியிருக்கும் விறகை வைத்துத்தான் அளப்பார்கள். காரை யாரும் பார்ப்பதில்லை. அரசாங்கம் தடை போட்டு மீன்பிடியை மூடின வருடம் ஊரில் பாதி ஆண்கள் சமையலறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தபோது, ஹெட்லி கோடரியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். அன்றிலிருந்து அவருடைய வருடம் விறகால் ஆனது. குளிர்காலத்தில் வெட்டுவது, பனிவண்டியில் இழுத்துவருவது, வசந்தத்தில் பிளப்பது, கோடையில் அடுக்கிக் காயவைப்பது. ரோட்டோரம் அவர் அடுக்கிய பர்ச் மர விறகு நூல் பிடித்தாற்போல நிற்கும். அவர்கள் ஊரான ஸ்கல்பின் கோவ் வழியாகப் போகிற வண்டிகள் அதைப் பார்க்கவே மெதுவாகும். போன குளிர்காலம் முழுக்க அந்த அடுக்கு ஒரு சாண்கூட இறங்கவில்லை. அவர் வெட்டும் வேகத்துக்கு எரித்து முடியவில்லை என்று ஊர் பேசியது, வெர்னாவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த மனிதரிடமிருந்து விறகைப் பிடுங்கிவிட்டால் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அவர் என்ன செய்வார்? அவள் பயம் அது ஒன்றுதான். சுவரில் இருக்கும் அந்த ஓட்டையில் தப்பான பெட்டியை வைத்துவிட்டால் வீடு சூடாகும், வீட்டுக்காரர் உறைந்து போவார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் உப்புக்கண்டமும் முட்டைக்கோசும். ஹெட்லி தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

"கரண்ட்டுல ஓடுறத வாங்கிடு."

வெர்னா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். மரத்தூள் வில்லையை முயல் தீனி என்று சொல்லிச் சிரித்தவர் இவர். மச்சினன் வீட்டில் கரண்ட்டுக் கணப்பைப் பார்த்துவிட்டு, இதற்கு டிவியில் நெருப்புப் படம் போட்டு முன்னால் உட்காரலாமே என்று எல்லோர் முன்னாலும் சொன்னவர். போதாததற்கு இந்த ஊரில் காற்று கொஞ்சம் பலமாக வீசினாலே கரண்ட் போய்விடும். ஏன் என்று கேட்டாள். சுலபமாக இருக்கும் என்றார். புயலடித்தால் என்ன செய்வது என்று கேட்டாள். போர்வை இருக்கிறதே என்றார். அதற்கு மேல் வாயைக் கிளறியபோது பிடிகொடுக்காமல் எழுந்து தேநீர் போடப் போய்விட்டார். டின் பால் ஊற்ற மறந்து, வெறும் தேநீரையே கொண்டுவந்து வைத்தார்.

அதன் பிறகு வெர்னாவைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல ஆகிவிட்டது. ஆல்பர்ட்டாவில் இருக்கும் மகள் டீனா போனில் வெளிக்காற்றிலிருந்தே சூட்டை உறிஞ்சித் தரும் ஹீட் பம்ப்தான் வேண்டும் என்று அடம் பிடித்தாள். கடையில் பால் வாங்கப் போனால் அங்கே நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கேஸ் போட்டவர் வில்லைப் பெட்டியைத் திட்டினார், வில்லைப் பெட்டி போட்டவர் கேஸைத் திட்டினார். இவற்றையெல்லாம் அவள் ஒரு பக்கம் ஒதுக்கிவிடுவாள். ஹெட்லி சொன்னதைத்தான் ஒதுக்க முடியவில்லை. முதுகு வலியோ? இல்லை, நேற்றுகூடத் தோட்டத்துக் கல்லைப் புரட்டினார். செலவுக்கு யோசிக்கிறாரோ? கரண்ட்டுதான் எல்லாவற்றையும்விடச் செலவு. ஒருவேளை வேறு எவளாவது மனதைக் கெடுத்துவிட்டாளோ என்றுகூட அரை நிமிடம் யோசித்தாள். கரண்ட்டுக் கணப்பு வைத்துக்கொள்ளச் சொல்லித் தரும் கள்ளக் காதலி எந்த ஊரில் இருப்பாள் என்று தோன்றி, அவளே தனியாகச் சிரித்துக்கொண்டாள். சிரித்தாலும் மண்டைக் குடைச்சல் நிற்கவில்லை.

கார்லண்டு வழக்கம்போலக் கதவைத் தட்டாமல் பின்வாசல் வழியாகச் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தான். இந்த ஊரில் முன்கதவைத் தட்டுகிறவன் ஒன்று வழி தவறியவன், இல்லை என்றால் வரி வசூலிக்க வந்தவன். தேநீரை உறிஞ்சிக்கொண்டே, உன் பெட்டி என் பெட்டிக்கு முன்னால் செத்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம் என்று கிண்டல் செய்தான். இத்தனை வருடம் ஹெட்லியின் அடுக்கைக் காட்டித் தன் பெண்டாட்டி தன்னைக் கரித்துக் கொட்டியதற்கு இது பதில் என்றான். எழுந்து போகும்போது ஒரு வார்த்தை விட்டான்.

"இந்த வருசம் நெருப்புத் திருவிழாவுக்குப் பிள்ளைங்களுக்கு நல்ல வேட்டைதான் போல. உன் ஆளு கரையோரம் ஒரு சுள்ளிகூட விட்டு வைக்கலியே."

நவம்பர் ஐந்தாம் தேதி கரையில் பெரிய தீ மூட்டுவது ஊர் வழக்கம். பிள்ளைகள் மரம் சேர்ப்பார்கள். ஹெட்லி அவர்களுக்குச் சேர்த்துக் கொடுக்கிறார் என்று வெர்னா கேள்விப்பட்டதே இல்லை. தலையை ஆட்டி வைத்தாள்.

மறுநாள் காலை ஹெட்லி நாலு சக்கர பைக்கில் காட்டுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பிய பிறகு, செத்த பெட்டியையாவது சுத்தம் செய்து வைப்போம் என்று அவள் உட்கார்ந்தாள். பின்தகட்டின் வெடிப்போரம் வெள்ளையாகப் பொரிந்து கிடந்தது. நகத்தால் சுரண்டி நாக்கு நுனியில் வைத்தாள். சாம்பலின் கரிப்பு வேறு, இந்தக் கரிப்பு வேறு. நண்டு வேகும் தொட்டியின் பக்கத்தில் பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கடல் உப்பு.

அப்போதுதான் போன குளிர்காலத்து நெருப்பு ஞாபகம் வந்தது. உப்பு ஊறின மரம் எரிவதுபோலச் சுடர் நீலமும் பச்சையுமாக எரிந்தது. அழகாக இருக்கிறதே, இது என்ன மரம் என்று ஒருநாள் கேட்டாள். அவர் ஏதோ பட்டை என்று முணுமுணுத்தார். காரணம் கேட்காமல் வெர்னா விட்டது அந்த ஒன்றைத்தான், பார்க்க அழகாக இருந்ததால்.

கோட்டை மாட்டிக்கொண்டு விறகுக் கொட்டகைக்குப் போனாள். அது ஹெட்லியின் ராஜ்ஜியம். சாப்பிடக் கூப்பிடுவதற்கு மேல் அவள் அதற்குள் கால் வைத்ததில்லை. சங்கிலி ரம்பம் ஆணியில் தொங்கியது, அதன் பல்லில் துரு, கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவில் சிலந்தி வலை. கதவோரம் கண்ணில் படுகிற மாதிரி இரண்டு வரிசை பர்ச். அதற்குப் பின்னால் கூரை முட்டக் கடல் ஒதுக்கிய கட்டைகள். வெயிலிலும் அலையிலும் எலும்பு மாதிரி வெளுத்தவை. ஆணித் தழும்பு உள்ள பழைய படகுத்துறைப் பலகைகள், சிப்பி ஒட்டிய தூண்கள், பச்சைப் பெயிண்ட் உரியாத ஒரு படகுத் துண்டு. எல்லாவற்றையும் கைரம்பத்தால் அளவாக அறுத்து, நூல் பிடித்தாற்போல அடுக்கியிருந்தார்.

ரோட்டோர அடுக்கு ஏன் இறங்கவில்லை என்று புரிந்தது. வேறொன்றும் புரியவில்லை. கடல் மரத்தை அடுப்பில் வைத்தால் உப்பு இரும்பை அரித்துவிடும் என்பது இங்கே பால்பல் விழாத பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஹெட்லிக்குத் தெரியாதா?

டிரக்கை எடுத்துக்கொண்டு முனைக்கு அப்பால் இருக்கும் கூழாங்கல் கரைக்குப் போனாள். போகும் வழியெல்லாம் கோபம். காட்டுக்குப் போகிறேன் என்று ஒரு வருடமாகப் பொய் சொல்லியிருக்கிறார், வீட்டையே எரிக்கப் பார்த்திருக்கிறார், கேட்டால் கரண்ட் கணப்பு வேண்டுமாம். என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக மனதில் அடுக்கிக்கொண்டு போனாள்.

ஹெட்லி கரையில் ஒரு நீளக் கட்டையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் விட்டுவிட்டார். திருட்டு ஆப்பிளோடு பிடிபட்ட பையன் மாதிரி நின்றவர், பிறகு அந்தக் கட்டையின் மேலேயே உட்கார்ந்தார். காட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இங்கே என்ன வேலை என்று அவள் கேட்டாள். அவர் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

"போன வருசம் குளத்துக்குப் பின்னாடி காஞ்ச மரம் ஒண்ண வெட்டப் போனேன்ல. வெட்டிட்டு நிமிந்தேன் வெர்னா. வீடு எந்தப் பக்கம்னு தெரியல."

"மூடுபனியா?"

"வெயிலு. நல்ல வெயிலு. எங்கப்பனும் நானும் வெட்டின பாதை அது. காலுக்குக் கீழதான் கிடக்கு. யாரோ ஊர்ல கொண்டுபோய் இறக்கி விட்ட மாதிரி நிக்கிறேன். எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. அப்புறம் கடல் சத்தம் கேட்டுச்சு. அதப் பிடிச்சுக்கிட்டே இறங்கி வந்தேன்."

அன்று அவர் இருட்டின பிறகு வந்ததும், பைக் சேற்றில் மாட்டிக்கொண்டது என்று சொன்னதும், ஆறிப்போன சாப்பாட்டுக்காகத் தான் கத்தியதும் வெர்னாவுக்கு ஞாபகம் வந்தது.

"இங்கன்னா தொலைய முடியாது," என்றார் ஹெட்லி. "போகும்போது கடல் இடது கைப்பக்கம். திரும்பும்போது வலது கைப்பக்கம். அது எங்கயும் போயிடாது."

"அதுக்கு எதுக்குக் கரண்ட்டு கணப்பு?"

"அதுக்குக் கட்டையே வேண்டாம்ல. நான் காட்டுக்குப் போகலன்னு யாருக்கும் தெரியாது."

வெர்னா அவர் பக்கத்தில் கட்டையில் உட்கார்ந்தாள். வரிசையாக அடுக்கி வந்த கேள்விகளில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைக் கேட்காமல் விட்டிருக்கலாம். ஆனால் அவள் வெர்னா.

"கடல் மரம் இரும்ப அரிச்சிடும்னு உனக்குத் தெரியாதா ஹெட்லி?"

"தெரியுமே," என்றார். கட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, "மறந்துட்டேன்," என்றார்.

அவள் தேடிய காரணம் கிடைத்துவிட்டது. கிடைத்தும் அது தொண்டைக்குள் இறங்கவில்லை. கையுறை போட்ட அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அழுகையை அடக்க முடியாமல், கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிறகு இருவரும் சேர்ந்து அந்தக் கட்டையைத் தூக்கி டிரக்கில் போட்டார்கள்.

அதற்கடுத்த வாரம் ஊரில் யாருக்கும் சொல்லாமல் ஹெட்லியை டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் சொன்னதில் பாதி அவள் ஏற்கெனவே கரையில் கேட்டதுதான். திரும்பி வந்து டெரன்ஸுக்குப் போன் செய்தாள். கரண்ட் போனாலும் எரிய வேண்டும், யாராவது அணைக்க மறந்தால் தானே அணைய வேண்டும், திறந்து கையை உள்ளே விட முடியக்கூடாது, இந்த மூன்றும் எதில் இருக்கிறது என்று கேட்டாள். கேஸில் இருக்கிறது என்றான். மின்சாரம் கேட்காத மாதிரி வகை உண்டு, பழைய புகைபோக்கிக்குள்ளேயே புதுக் குழாயை இறக்கிவிடலாம், முன்கண்ணாடியைக் கடைக்காரர்கள்தான் கழற்ற முடியும். விறகு மாதிரியே வராதுதான் என்று அவன் இழுத்தான். வராது என்று அவளுக்கும் தெரியும், மாட்டச் சொன்னாள். டீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் போனிலேயே அழுதாள், ஹீட் பம்ப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

பெட்டி வந்த அன்று டெரன்ஸ் கணப்புக்குப் பக்கத்தில் இருந்த விறகுத் தொட்டியை எடுத்து வெளியே வைக்கப் போனான். அது அங்கேயே இருக்கட்டும் என்றாள் வெர்னா.

ஹெட்லி கரைக்குப் போவதை நிறுத்தவில்லை, அவளும் நிறுத்தச் சொல்லவில்லை. தினமும் காலை உணவுக்குப் பிறகு கிளம்புவார். கடலை இடது கையில் வைத்துக்கொண்டு போய், வலது கையில் வைத்துக்கொண்டு திரும்புவார். சமையலறை ஜன்னலில் நிற்கும் வெர்னாவுக்குக் கட்டை இறங்கும் சத்தம் கேட்டால்தான் மூச்சு சீராகும். கொட்டகை நிறைந்து, கட்டைகள் வீட்டுப் பக்கச் சுவரோரம் வெளியே அடுக்காக வளர ஆரம்பித்தன. கேஸ் போட்ட வீட்டுக்கு எதற்குக் கடல் மரம் என்று ஊரே குழம்பியது. கடையில் ஒருத்தி நேராகவே கேட்டாள். கார்லண்டு, ஹெட்லி நோவாவுக்குப் போட்டியாகக் கப்பல் கட்டுகிறான் என்று சொல்லித் திரிந்தான். ஒருநாள் பின்வாசலில் அவனை நிறுத்தி வெர்னா விஷயத்தைச் சொன்னாள். அவன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான். மறுநாளிலிருந்து அவனுடைய நாயை அதே நேரத்துக்கு அதே கரைக்குக் கூட்டிப் போக ஆரம்பித்தான். கிண்டலை மட்டும் விடவில்லை, விட்டால் ஹெட்லிக்குச் சந்தேகம் வந்துவிடும் என்றான்.

டிசம்பரில் முதல் பெரிய புயல் மத்தியானமே வந்து இறங்கியது. வடகிழக்குக் காற்று, ஜன்னலில் ஒட்டிய பனி, சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் கரண்ட் போனது. கேஸ் கணப்பு கவலைப்படாமல் எரிந்தது. ஹெட்லி அதன் முன்னால் உட்கார்ந்து, இதெல்லாம் ஒரு நெருப்பா என்று ரெண்டு தடவை சொன்னார். வெர்னா பக்கத்தில் காலுறை பின்னிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து, தொட்டியிலிருந்து ஒரு கட்டையை எடுத்தார். வெளுத்த, லேசான கடல் கட்டை. கணப்பின் முன்னால் குனிந்து கண்ணாடியின் ஓரத்தைத் தடவினார். இந்தப் பக்கம் தடவினார், அந்தப் பக்கம் தடவினார். கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். குளத்துக்குப் பின்னால் அன்று எப்படி நின்றிருப்பார் என்று வெர்னா கண்ணால் பார்த்தாள்.

பின்னலை வைத்துவிட்டு எழுந்து போய், கட்டையை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கித் தொட்டியில் வைத்தாள். அவரைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். ஹெட்லி உள்ளங்கைகளை நெருப்புப் பக்கம் நீட்டிப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"நல்லா காஞ்ச கட்டை," என்றார். "உடனே பிடிச்சுக்கிச்சு பாரு."

பாதிரியாரைத் திருத்தினவள், நண்டுப் பெட்டிகளைத் திருத்தினவள், இந்த மனிதர் சொன்ன ஒவ்வொரு கதையிலும் கிழமையையும் காற்றையும் திருத்தினவள் நெருப்பைப் பார்த்தாள்.

"ஆமா ஹெட்லி," என்றாள். "நல்லா பிடிச்சுக்கிச்சு."